சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் பாட்டுச் சொல்லித் தரும் கலையும்

பாட்டுச் சொல்லித் தருவது என்றால் என்ன? ஸ்வரங்களை எழுதிக் கொடுத்து, அவற்றைப் படிக்கும் முறையைப் பழக்கிவிட்டால் போதுமா? அன்றி, ஆசிரியர் ஒருவரின் எதிரே அமர்ந்து பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுப் பாடினால்தான் பாட்டு வருமா? இக்கேள்வி நம் நாட்டில் மட்டுமன்றி, பாட்டை எழுதி வைக்கத் தொடங்கிய எல்லா நாடுகளிலும் எழுந்ததே. சித்தூர்ப் பகுதியில் பிறந்து, காஞ்சியில் பயின்று, பிற்காலத்தில் திருப்பதியில் ஆசிரியப் பணி புரிந்த சங்கீத வித்வான் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) அவர்களின் வாழ்க்கையை இக்கேள்விக்கு ஒரு விளக்கமாகக் கொள்ளலாம். அதனைக் கூறுமுன் கடல் கடந்த நாடொன்றின் வழக்கத்தைச் சிறிது காண்போம்.

அமெரிக்காவில் 1801ஆம் ஆண்டையொட்டி ஒரு பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. வில்லியம் லிட்டில், வில்லியம் ஸ்மித் என்னும் இருவர் தொகுத்த அப்புத்தகத்தில் ஸ்வரங்கள் புதுமையான முறையில் அச்சிடப்பட்டிருந்தன. ஃபா என்னும் ஸ்வரத்துக்கு முக்கோணம், ஸோல் என்பதற்கு வட்டம், லா என்பதற்குச் சதுரம், மீ என்பதற்குச் சாய்சதுரம் என்று நான்கு வடிவங்கள். கோடுகளின் மேல் ஸ்வரம் எங்கே நிற்கிறது என்று கணக்கிட வேண்டியதில்லை. வடிவத்தைக் கண்டதும் பெயர் நினைவுக்கு வரும், பெயருடன் ஒலியும் வரும். சங்கீத சாஸ்திரம் கல்லாத குடியானவர்களும் பாட வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஊர் ஊராகச் செல்லும் ஆசிரியர்கள் தேவாலயத்திலோ பள்ளிக்கூடத்திலோ சில வாரங்கள் தங்கி இவ்வடிவங்களைக் கற்பித்தார்கள். 1844இல் ஜார்ஜியா மாகாணத்தைச் சேர்ந்த பி. எஃப். ஒயிட், ஈ. ஜே. கிங் என்போர் தொகுத்த 'ஸேக்ரட் ஹார்ப்' என்னும் புத்தகத்தைக் கொண்டு இன்றும் அங்கே பாடி வருகிறார்கள். நான்கு குரல் வகையினரும் ஒருவரையொருவர் நோக்கிச் சதுரமாக அமர்வார்கள். நடுவில் நிற்பவர் கையை மேலும் கீழும் அசைத்துத் தாளம் காட்டுவார். முதலில் எல்லோரும் ஸ்வரப் பெயர்களையே பாடுவார்கள். அதன் பிறகே சொற்களைப் பாடுவார்கள்.

இதைக் கேட்டதும் நம்மவர்களுக்குச் சொந்த வீட்டுச் செய்தியைக் கேட்டதுபோல் இருக்கும். கீதமாயினும் வர்ணமாயினும் முதலில் ஸ்வரம், பிறகு ஸாஹித்யம் என்பதுதானே நம் பாடமுறையும்? ஸ, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழு எழுத்துகளை நாம் எழுதிப் பழகியது அண்மைக் காலத்தில் அன்று. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் பாறை ஒன்றில் ஸ்வரங்களே வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படும் அந்தக் கல்வெட்டு, ருத்ராசாரியர் என்பவரின் சீடனான அரசன் ஒருவன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று தானே கூறுகிறது. பாடப் புத்தகத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்த ஆசிரியனை வேறெங்கும் காண்பது அரிது. ஆயினும், அந்த ஸ்வரங்களை அக்காலத்து மாணவர்கள் எவ்வாறு பாடினார்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்றளவும் கருத்து வேற்றுமை உண்டு. எழுத்து கண்முன் இருக்கிறது. பாடிக் காட்டும் வாய்தான் இல்லை.

இனி சுப்பிரமணிய பிள்ளையின் வரலாற்றுக்கு வருவோம். அவர் 1898இல் புங்கனூரில் பிறந்தார். அப்போது அவ்வூர் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. சித்தூரைத் தலைநகராகக் கொண்ட தனி ஜில்லா 1911இல்தான் அமைந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படும் எல்லைப்புறச் சீமை அது. பிள்ளையவர்களின் தாய்மொழி தெலுங்கு. குடும்பம் சங்கீதக் குடும்பம். முதல் ஆசிரியர் அவருடைய தந்தையாரே. பிறகு அவர் காஞ்சீபுரம் சென்று, அக்காலத்தில் பெரும் புகழுடன் விளங்கிய காஞ்சீபுரம் நாயனா பிள்ளையிடம் (1889–1934) குருகுலவாசம் செய்தார். தமிழரான குரு, தெலுங்கரான சீடருக்குத் தியாகராஜ சுவாமிகளின் தெலுங்குக் கிருதிகளைக் கற்பித்தார். அருணகிரிநாதரின் திருப்புகழையும் கற்பித்தார். மொழி எல்லைகளைப் பற்றிப் பிற்காலத்தில் எத்தனையோ வழக்குகள் எழுந்தன. சங்கீதத்தில் இவ்வெல்லை எப்போதும் திறந்தே இருந்தது.

நாயனா பிள்ளை, பாடகியருள் பேர்பெற்ற காஞ்சீபுரம் தனகோடி அம்மாளின் குடும்பத்தில் வந்தவர். அவருடைய தனிச்சிறப்பு லயம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பல தாள வாத்தியங்களை ஒரே மேடையில் வைத்துக்கொண்டு பாடுவார். 'புல் பெஞ்சு' கச்சேரி என்று ரசிகர்கள் அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை போன்ற லய மேதைகள் பக்கத்தில் அமர்ந்திருக்க, அவர்களுடைய கணக்குகளுக்கு நடுவே நிலைகுலையாமல் பல்லவி பாடுவது எளிதான காரியமன்று.

பல்லவி என்பதைப் பற்றிச் சில சொற்கள் இங்கே தேவை. பல்லவிக்கு ஸாஹித்யம் ஒரே வரிதான். அதைத் தாளத்தில் குறித்த ஓர் இடத்தில் எடுக்க வேண்டும்; நடுவில் அருதி என்னும் நிறுத்தம் குறித்த இன்னோர் இடத்தில் விழ வேண்டும். இப்போது தாளத்தை மாற்றாமல் பாட்டை மட்டும் இரட்டை வேகத்தில் பாடுவதாகக் கொள்வோம். முதற்பகுதிக்கு முன்பு 4 அட்சரம் ஆயிற்று என்றால், இப்போது 2 அட்சரமே ஆகும். அருதி தன் இடத்திலேயே விழ வேண்டுமானால் எடுக்கும் இடத்தை 2 அட்சரம் தள்ளிக்கொள்ள வேண்டும். இதற்கு அனுலோமம் என்று பெயர். பாட்டை அதே வேகத்தில் நிறுத்தித் தாளத்தின் வேகத்தை மாற்றினால் அது பிரதிலோமம். இவற்றையெல்லாம் காகிதத்தில் கணக்காகப் போட்டுவிடலாம். பள்ளிச் சிறுவனும் போட்டுவிடுவான். ஆனால் கை ஒரு கணக்கில் தட்ட, வாய் வேறொரு கணக்கில் பாட, மனம் இரண்டையும் மறந்து ராகத்தில் நிற்பது என்பது உடம்பில் ஊற வேண்டிய பழக்கம். குருவின் பின்னால் தம்பூருடன் அமர்ந்து, எப்போது உடன் பாட வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்வதே அதற்கான பள்ளிக்கூடம். சுப்பிரமணிய பிள்ளை அப்பள்ளியில் தேறியவர்.

நாயனா பிள்ளை 1934இல், நடு வயதிலேயே காலமானார். கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்து வைக்கும் வழக்கம் இல்லாத காலம் அது. ஆகவே, அவருடைய வித்தை பிற்காலத்துக்குக் கிடைக்க வேண்டுமானால் சீடர்கள் வழியாகவே கிடைக்க வேண்டும். இதை எண்ணிப் பார்த்தால் சுப்பிரமணிய பிள்ளை தோளில் சுமந்த பொறுப்பு எத்தகையது என்பது விளங்கும். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. பல்லவியின் கணக்குகளை வேறு யாரேனும் எழுதி வைத்திருக்கலாம். கணக்குக்குள் பாட்டு எவ்வாறு உயிரோடு இருந்தது என்பதைக் கேட்டவர்களே அறிவார்கள். பாடியவர்களே பிறருக்குத் தர வல்லவர்கள்.

எழுத்தில் அடங்காதது லயத்தின் உயிர் மட்டுமன்று. ராகத்தின் நிலையும் அதுவே. தோடி ராகத்திலும் கரஹரப்பிரியா ராகத்திலும் வருவது ஒரே வகைக் காந்தாரம். ஸாதாரண காந்தாரம் என்பார்கள். ஏட்டில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'க'தான். ஆயினும், தோடியின் காந்தாரம் கீழும் மேலும் அகன்று அசைந்து, ஓரிடத்தில் நில்லாமல் ஊசலாடும். கரஹரப்பிரியாவின் காந்தாரத்துக்கு வேறு அசைவு. இரண்டையும் மாற்றிப் பாடினால் ஸ்வரம் பிழையாகாது, ராகம் போய்விடும். இந்த அசைவுக்குத்தான் கமகம் என்று பெயர். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலில் கமகங்களுக்கெனத் தனித்தனி அடையாளக் குறிகளை அமைத்து, ஸ்வரங்களின் மேல் பொறித்தார். அமெரிக்கப் புத்தகத்தின் முக்கோணமும் சதுரமும் ஸ்வரத்தின் பெயரைக் காட்டின. தீட்சிதரின் குறிகள் ஸ்வரத்தின் நடையைக் காட்ட முயன்றன. இது சாதாரண உழைப்பன்று. அந்நூல் இல்லையேல் முத்துஸ்வாமி தீட்சிதரின் பல கிருதிகளைப் பற்றி நாம் இன்று அறிவது மிகக் குறைவாகவே இருக்கும். என்றாலும், அந்தக் குறிகளைப் பார்த்துப் பாடுபவர் கமகத்தை முன்பே காதால் அறிந்தவராக இருந்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்நிலை புதிதாகத் தோன்றவில்லை. ஒரு மொழியின் சொற்பொருளை அகராதியில் காணலாம். அச்சொல்லை எந்தக் குரலில், எந்த வேளையில், யாரிடம் கூறுவார்கள் என்பதை அம்மொழி பேசுபவரிடம்தான் கேட்டறிய வேண்டும். அகராதி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அகராதியைத் திறக்குமுன் காது திறந்திருக்க வேண்டும் என்பதே பொருள்.

முன்னர்க் கூறிய அமெரிக்கப் பாடகர்களிடமும் இவ்வாறான செய்தி ஒன்று உண்டு. சோகச் சாயல் கொண்ட சில மெட்டுகளில் ஆறாவது ஸ்வரத்தைப் புத்தகத்தில் உள்ளதைவிடச் சற்று உயர்த்திப் பாடுவது பரம்பரைப் பாடகர்களின் வழக்கம். புத்தகத்தில் அதற்கு எந்தக் குறியும் கிடையாது. பெரியவர்கள் பக்கத்தில் அமர்ந்து பாடியவர்களுக்கு அது தானாக வருகிறது. புத்தகத்தை மட்டும் பார்த்துக் கற்றவர்கள் அச்சில் உள்ளபடியே பாடுகிறார்கள். எல்லோரும் எளிதில் கற்க வேண்டும் என்றே அமைத்த முறையிலும், எழுத்துக்கு வெளியே ஓர் ஸ்வரம் எஞ்சி நிற்கிறது.

சுப்பிரமணிய பிள்ளை பணி புரிந்த திருப்பதியிலேயே இதற்குப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. தாள்ளபாக்கம் அன்னமாசாரியர் (1408–1503) திருவேங்கடமுடையான்மீது 32,000 சங்கீர்த்தனங்கள் இயற்றினார் என்பது மரபு. அவருடைய வழித்தோன்றல்கள் அவற்றைச் செப்புத் தகடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிறு அறையில் சேமித்தார்கள். ஓலை சிதையும், காகிதம் மக்கும், செம்பு நிற்கும் என்று கருதிய அவர்களின் முன்யோசனை போற்றத்தக்கது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அத்தகடுகள் ஆராய்ச்சியாளரின் கவனத்துக்கு வந்தன. ஏறத்தாழ 12,000 பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒவ்வொரு பாடலுக்கும் ராகத்தின் பெயர் தரப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் பாடிய மெட்டு எது? பெரும்பாலான பாடல்களுக்கு அதை அறிய வழியில்லை. கொண்டமலஹரி போன்ற சில ராகப் பெயர்கள் இன்றைய மேடையில் கேட்பதற்கே அரியவை. சொல் செம்பில் தங்கிற்று. குரு சீட பரம்பரை இடையில் அறுந்தபோது இசை மறைந்தது.

மறைந்ததை எண்ணி வருந்தியதோடு அறிஞர்கள் நின்றுவிடவில்லை. திருப்பதியில் பணியாற்றிய ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979) நூற்றுக்கு மேற்பட்ட சங்கீர்த்தனங்களுக்கு ஸ்வரம் அமைத்தார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பாலமுரளி கிருஷ்ணா முதலிய வித்வான்களும் இத்தொண்டில் ஈடுபட்டார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1978இல் அன்னமாச்சார்யா திட்டத்தைத் தொடங்கிற்று. எம். எஸ். சுப்புலட்சுமி தேவஸ்தானத்துக்காகப் பாடிய இசைத்தட்டுகளால் அப்பாடல்கள் தென்னாட்டு வீடுகளிலெல்லாம் ஒலித்தன. இவை யாவும் பெருந்தொண்டுகளே. ஆயினும், நாம் இன்று கேட்டு மகிழும் மெட்டுகளில் மிகப் பல 20ஆம் நூற்றாண்டு வித்வான்கள் அமைத்தவை என்பதை மறத்தலாகாது. 500 ஆண்டுகளுக்கு முன்பு திருமலையில் ஒலித்த குரலை எந்தச் செம்பும் திருப்பித் தரவில்லை.

தேவஸ்தானம் 1959இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா இசை, நடனக் கல்லூரியை நிறுவியது. 1954இல் சென்னை சங்கீத வித்வத் சபை அளித்த சங்கீத கலாநிதி விருதைப் பெற்றிருந்த சுப்பிரமணிய பிள்ளை, இந்தக் கல்லூரியிலும் ஆசிரியப் பணி ஆற்றினார். குருகுலத்தில் பயின்ற ஒருவர் கல்லூரியில் கற்பிப்பது என்றால், அது இரண்டு காலங்களுக்கு இடையே நிற்பதாகும். குருகுலத்தில் பாடத்துக்கு நேரம் கிடையாது. விடியற்காலையில் சாதகம் செய்யும்போதும் பாடம்தான், குரு வேறு வேலையாக இருக்கும்போது முணுமுணுக்கும் ராகமும் பாடம்தான். கல்லூரியிலோ மணி அடித்ததும் வகுப்பு தொடங்கி மணி அடித்ததும் முடியும். பாடத்திட்டம் உண்டு, பரீட்சை உண்டு, பல குரல்கள், பல சுருதிகள் கொண்ட மாணவர் கூட்டம் உண்டு. அங்கே ஸ்வரக் குறிப்பு எழுதிய நோட்டுப் புத்தகம் இன்றியமையாததாகிவிடுகிறது.

இதனால் நன்மையே இல்லை என்று கூறுவது நியாயமன்று. குருகுலத்தில் இடம் பெறுவது எல்லோருக்கும் வாய்த்ததில்லை. குடும்பமும் சாதியும் பணமும் பலரை வாசலிலேயே நிறுத்தின. பெண்கள் பலருக்கு அந்த வாசலே இல்லை. கல்லூரி அக்கதவைத் திறந்தது. ஆனால் திறந்த கதவுக்குள் மாணவருக்குக் கிடைப்பது நோட்டுப் புத்தகம் மட்டும்தானா, பாட்டும் கிடைக்கிறதா என்பது அங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியரைப் பொறுத்தது. பழைய முறையில் ஊறிய வித்வான்களைத் தேடி அழைத்து வந்து இத்தகைய கல்லூரிகளில் அமர்த்தியதன் காரணம் இதுவே.

கற்பிப்பவரின் திறத்தை அவருடைய சீடர்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். சுப்பிரமணிய பிள்ளையிடம் குருகுலமாகப் பயின்றவர்களுள் மதுரை சோமு (1919–1989) பெயர்பெற்றவர். 1972இல் வெளிவந்த 'தெய்வம்' என்னும் திரைப்படத்தில் மருதமலை முருகனைப் பாடிய அவருடைய குரலைச் சங்கீதம் அறியாதவர்களும் அறிவார்கள். அவருடைய கச்சேரிகளுக்குக் கூடிய கூட்டம் ஊர்த் திருவிழாக் கூட்டம். உணர்ச்சி ததும்பப் பாடிப் பாமரரையும் உருக்கிய அவர், நினைத்த மாத்திரத்தில் கடினமான லய விவகாரங்களிலும் இறங்குவார். காஞ்சியில் நாயனா பிள்ளை வளர்த்த விளக்கின் சுடர் அங்கே தெரிந்தது. ஆயினும், சோமு தம் குருவின் நகலாக இருக்கவில்லை. நல்ல ஆசிரியர் தம் குரலைச் சீடனுக்குக் கொடுப்பதில்லை. சீடனின் குரலுக்குள்ளேயே பாட்டைக் கண்டு எடுத்துக் கொடுக்கிறார். எழுதிய ஸ்வரம் எல்லோருக்கும் ஒன்றே. கேட்டுக் கற்ற பாட்டோ ஒவ்வொரு தொண்டையிலும் ஒவ்வொரு விதமாக வளர்கிறது.

இனி ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒலிப்பதிவு எங்கும் பரவிவிட்ட இந்நாளில் இந்தக் கவலை எதற்கு? சுப்பிரமணிய பிள்ளையின் குரலே இசைத்தட்டில் இருக்கிறது. ஆனந்தபைரவி ராகத்தில் 'மதுரா நகரிலோ' என்னும் தெலுங்குப் பாடலை அவர் பாடிப் பிரபலமாக்கியதை ரசிகர்கள் இன்றும் நினைவு கூர்கிறார்கள். அதைக் கேட்டு ஆயிரம் பேர் கற்கலாமே? கற்கலாம், கற்கவும் வேண்டும். கமகம் எழுத்தில் அடங்கவில்லை என்ற குறையை ஒலிப்பதிவு பெரும்பாலும் நீக்கிவிட்டது. அன்னமாசாரியரின் காலத்தில் இந்தக் கருவி இருந்திருந்தால் செம்புத் தகடுகளைப் பற்றி நாம் இவ்வளவு பேச வேண்டியிருந்திராது. ஆனால், ஒலிப்பதிவு பாடும், கேட்காது. நாம் பாடுவதைக் கேட்டு, "இந்தக் காந்தாரம் ஒட்டவில்லை, திரும்பப் பாடு" என்று கூற அதனால் ஆகாது. வானொலியில் பல ஆண்டுகளாக நேயர்கள் விரும்பிக் கேட்ட இசைப் பயிற்சி நிகழ்ச்சியின் அமைப்பை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஆசிரியர் ஒரு சங்கதியைப் பாடுவார். மாணவர் திரும்பப் பாடுவார். பிழையானால் ஆசிரியர் நிறுத்தி மறுபடியும் பாடுவார். வீட்டிலிருந்து கேட்டவர்களுக்குப் பெரும் பயன் தந்தது சரியாகப் பாடிய இடங்களைவிடத் திருத்திய இடங்களே. எங்கே பிழை நேரும், அது எவ்வாறு நேராகும் என்பதை வேறு எந்தப் புத்தகமும் காட்டுவதில்லை.

ஆகவே, பாட்டைக் காப்பது மூன்று காரியங்களைச் செய்வதாகும். எழுதத் தக்கதைப் பிழையற எழுத வேண்டும். ஒலிக்கத் தக்கதைப் பதிவு செய்து எவரும் கேட்கும்படி வைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் மேலாக, எதிரே அமர்ந்து கேட்டுத் திருத்தும் ஆசிரியர்களுக்கு வாழ்க்கையும் மதிப்பும் அளிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் இன்று கருவிகள் பல வந்துவிட்டன, செலவும் குறைந்துவிட்டது. மூன்றாவதற்குக் கருவி இல்லை. ஓர் ஆசிரியர் உருவாகப் பத்து இருபது ஆண்டுகள் ஆகும். அவர் மறைய ஒரு நாள் போதும். மேடையில் பாடுபவருக்குப் பொன்னாடை போர்த்தும் நாம், சிறு ஊர்களில் குழந்தைகளுக்குச் சரளி வரிசை சொல்லித் தருபவருக்கு மாதச் சம்பளத்தைக் காலத்தில் கொடுக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

புங்கனூரில் பிறந்த ஒரு சிறுவன் காஞ்சிக்குச் சென்றான். அங்கே பெற்றதைத் திருப்பதி மாணவர்களுக்கும் மதுரைச் சோமுவுக்கும் தந்தான். நாயனா பிள்ளைக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தை இவ்வாறு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வந்த பாட்டுத்தான் கடந்திருக்கிறது. தம் குழந்தையைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், "இன்று எத்தனை பாடல் எழுதிக்கொண்டு வந்தாய்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று உன்னை எத்தனை முறை திரும்பப் பாடச் சொன்னார்கள்?" என்று கேட்பார்களாக. திரும்பப் பாடச் சொல்லும் ஆசிரியர் கிடைத்திருந்தால் அந்தக் குழந்தை பேறு பெற்றதே.